வஞ்சிரமா, வெள்ளைத் தூளா?

வேளச்சேரியில் நான் போகும் உடற்பயிற்சிக்கூடத்தில் கிரியேட்டின் (தசைக்குச் சட்டென்று ஆற்றல் தர உதவும் பொருள்) பேச்செடுத்தால் இரண்டு கட்சி. காசிமேட்டு மீன் இருக்கும்போது கிரியேட்டின் தூள் டப்பா எதற்கு என்பது ஒன்று. டப்பா இல்லாமல் தசை ஏறாது என்பது இன்னொன்று.

மீன் கட்சிக்கு வரலாறு துணை. 1832-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் கிரியேட்டினைப் பிரித்தெடுத்ததே இறைச்சியிலிருந்துதான். கணக்குதான் காலை வாருகிறது. பச்சை மீனிலும் இறைச்சியிலும் பெரும்பாலும் கிலோவுக்கு 3 முதல் 5 கிராம் வரைதான் இருக்கும். ஒரு நாளைக்கு 3 கிராம் வேண்டுமென்றால் ஏறக்குறைய முக்கால் கிலோ மீன்! வஞ்சிரம் விற்கிற விலையில் இது கல்யாண வீட்டுக் கணக்கு. அடுப்பில் ஏற்றினால் ஒரு பங்கு கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளாக மாறிவிடும், ஒரு பங்கு குழம்பில் இறங்கிவிடும். (குழம்பை யாரும் மிச்சம் வைப்பதில்லை என்பது வேறு விஷயம்.) புரதத்துக்கும் ஒமேகா-3க்கும் மீனுக்கே என் ஓட்டு, கிரியேட்டினுக்கு மட்டும் இல்லை.

சைவர்களுக்கோ இந்தப் போட்டியே கிடையாது. பருப்பிலும் கீரையிலும் கிரியேட்டின் இல்லை, பாலில் பேருக்குத்தான். உடல் தானே தினமும் சுமார் 1 கிராம் தயாரித்துக்கொள்வதால் குறைபாட்டு நோய் எதுவும் வராது. ஆனால் தசையில் இருப்பு குறைவு என்பதால், தூள் எடுத்தால் அவர்களுக்குத்தான் ஏற்றம் அதிகம்.

சரி, எந்தத் தூள்? இருப்பதிலேயே மலிவான மோனோஹைட்ரேட்தான். எத்தில் எஸ்டர் வகை உடலுக்குள் போனதும் பெருமளவு கிரியேட்டினினாகச் சிதைகிறது. காசு கொடுத்துக் கழிவை வாங்குவதற்குச் சமம். காரப்பொருள் (அல்கலி) சேர்த்த வகை மோனோஹைட்ரேட்டைவிட மேல் இல்லை என்று 2012-இல் வந்த ஆய்வு காட்டியது. ஹைட்ரோகுளோரைடு தண்ணீரில் நன்றாகக் கரையும், அவ்வளவே. மோனோஹைட்ரேட் அடியில் மணலாய்த் தங்கும். வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் அந்தத் தொல்லையும் குறையும்.

முதல் வாரம் தினம் 20 கிராம் எடுப்பதா, தொடக்கத்திலிருந்தே 3 கிராமா? ஒரு மாதத்தில் இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடுகின்றன. வயிற்றுக்கு இதமானது இரண்டாவது. எடை ஓரிரு கிலோ கூடினால் மிரள வேண்டாம், பெரும்பாலும் தசைக்குள் சேரும் நீர்தான். கூடவே எடை தூக்காமல் தூளை மட்டும் விழுங்கினால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறியப் பார்க்கும் கிரியேட்டினின் சற்று கூடித் தெரியலாம். எனக்கும் தெரிந்தது. தூள் எடுப்பதை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு, வீடே கலங்கிவிட்டது. கிரியேட்டினோடு தொடர்பில்லாமல் சிறுநீரகத்தைச் சோதிக்கும் சிஸ்டாட்டின்-சி பரிசோதனை இயல்பாக வந்த பிறகுதான், அம்மா ஒளித்துவைத்த டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.