சேசோன் டுபோன்: சில்லென்று குடித்தால் நஷ்டம்

சேசோன் டுபோன் என்ற பெல்ஜிய பீரை வாங்கப் போனால், கடையில் குழல்விளக்குக்கு நேர் கீழே நிற்கும் பாட்டிலைத் தொடாதீர்கள். அட்டைப்பெட்டிக்குள் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பச்சைக் கண்ணாடி ஒளியைச் சரியாகத் தடுக்காது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் ஒளி பட்டுச் சிதைந்தால் கந்தக நெடி கிளம்பும். அதுதான் இந்த பீரின் குணம் என்று நம்பிக் குடிப்பவர்களும் உண்டு, பாவம்.

பெல்ஜியத்தின் எனோ மாகாணத்தில் தூர்ப் என்ற ஊரில், பழைய பண்ணை ஒன்றில் காய்ச்சுகிறார்கள். 'சேசோன்' என்றால் பருவம். குளிர்காலத்தில் காய்ச்சி, கோடையில் வயல்வேலைக்கு வருவோருக்கு ஊற்றிக் கொடுத்த வகை இது என்பார்கள். ஆல்கஹால் 6.5%.

விஷயமே ஈஸ்ட்டில்தான் இருக்கிறது. 'ஏல்' எனப்படும், சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர் வகையின் மற்ற ஈஸ்ட்டுகள் 20 டிகிரியை ஒட்டி வேலை செய்யும். இதற்கு 30 டிகிரியைத் தாண்டிய சூடும் பிடிக்கும். சர்க்கரையை ஏறக்குறைய வழித்துத் தின்றுவிடும். இனிப்பு மிஞ்சாததால் கசப்பு ஒளிய இடமில்லை. வீட்டில் காய்ச்சுபவர்களை இதே ஈஸ்ட் அழவைக்கும்: பாதியில் படுத்துவிடும். சூட்டை ஏற்றிவிட்டுப் பல நாள் பொறுத்திருந்தால் மறுபடி எழும். அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும்.

முந்தின நாளே ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கும். திறப்பதற்கு இருபது நிமிடம் முன் வெளியே எடுங்கள். 8 முதல் 10 டிகிரி போதும். அதற்குக் கீழே மணம் மரத்துப்போய்க் கசப்பு மட்டும் நாக்கில் நிற்கும். வெதுவெதுப்பாகத் திறந்தால் பாதி பீர் மேசைக்கு. வாய் சற்றுக் குறுகிய பெரிய கிளாஸைச் சோப்பு போகக் கழுவி, சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். நுரை அப்படியும் கிளாஸில் பாதியைப் பிடிக்கும். அடங்கட்டும்.

முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு மிளகு, அடியில் காய்ந்த வைக்கோல். விழுங்கியதும் வாய் வறண்டு, கசப்பு நீண்டு நிற்கிறது. பொரித்த மீனுக்கு இதைவிடப் பொருத்தமான பீர் குறைவு. கடைசி இரண்டு விரல் வண்டலைத் தனியாகச் சுவைத்துப் பாருங்கள்: கலங்கலாக, ரொட்டி மாவு மணத்தோடு இருக்கும். எங்களுக்கு அது வேண்டாம்.

ஹாப்ஸ் மணமே பிரதானம் என்பவர்கள் இதே ஆலையின் 'கியூவே டிரை ஹாப்பிங்' தேடலாம். நொதித்த பிறகு கொதிக்கவைக்காமல் ஹாப்ஸ் சேர்ப்பதால் கசப்பைவிட மணம் தூக்கலாக இருக்கும். ஹாப்ஸ் வகையை ஆண்டுதோறும் மாற்றுவார்கள். ஆனால் அந்த மணம் சில மாதங்களிலேயே மங்கிவிடும். சாதாரண டுபோன் ஒரு வருடம் இருட்டில் கிடந்தாலும் தாங்கும். டிரை ஹாப்பிங்கைப் பழைய சரக்காக வாங்காதீர்கள்.