மலைக்கு வெளியே ஷ்டௌப்பாக், மலைக்கு உள்ளே ட்ரூமெல்பாக்: எந்த அருவிக்குப் போகலாம்?

சுவிட்சர்லாந்துக்கு வருகிற பலர் யுங்ஃபிராவ் சிகரத்தை ஒட்டிய யுங்ஃபிராவ்யோக் கணவாய்க்குப் போகும் வழியில் லவுட்டர்ப்ரூனன் என்ற பள்ளத்தாக்கு ஊரில் ரயில் மாறுகிறார்கள். ஊர்த் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தாலே ஷ்டௌப்பாக் அருவி கண்ணில் படும். நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடித்துவிடுகிறார்கள். அதே பள்ளத்தாக்கில் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, மலைக்குள்ளேயே இன்னொரு அருவி விழுந்துகொண்டிருப்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எதற்குப் போவது?

ஷ்டௌப்பாக்கின் உயரம் 297 மீட்டர். செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவரின் விளிம்பிலிருந்து ஓர் ஓடை அப்படியே வெளியில் பாய்கிறது. பாறையின் மேற்பகுதி முன்னே துருத்திக்கொண்டிருப்பதால் தண்ணீர் பெரும்பாலும் பாறையைத் தொடாமலே இறங்குகிறது. பாதி வழியிலேயே காற்று அதைச் சிதறடித்துவிடும். கீழே வந்து சேர்வது சாரல்தான். காற்று திசை மாறினால் அருவி மொத்தமும் ஒரு பக்கமாக ஒதுங்கும். 1779-இல் ஜெர்மன் கவிஞர் கேத்தே இதைப் பார்த்த பிறகுதான் மனித ஆன்மாவைத் தண்ணீரோடு ஒப்பிட்டு ஒரு புகழ்பெற்ற கவிதையை எழுதினார்.

அருவிக்குப் பின்னால் பாறையைக் குடைந்து ஒரு பாதை அமைத்திருக்கிறார்கள். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனால் கட்டாயம் ஏறுங்கள். உள்ளிருந்து பார்க்கும்போதுதான் தண்ணீர் ஒரே சீராக விழவில்லை என்பது தெரிகிறது. கொத்துக் கொத்தாக, இடைவெளி விட்டு வருகிறது. ஒவ்வொரு கொத்தும் விழ விழ வால் நீண்டு, கிழிந்து, கண்முன்னே ஒன்றுமில்லாமல் கரைகிறது. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. குளிர்காலத்தில் மட்டும் பாதையை மூடிவிடுவார்கள்.

ஷ்டௌப்பாக்கின் குறை என்னவென்றால், அதற்குப் பின்னால் பனியாறு (மலையில் உறைந்து மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்) கிடையாது. மேலே உள்ள சரிவுகளில் பெய்யும் மழையும் உருகும் பனியும்தான் அதன் கையிருப்பு. மே, ஜூனில் நன்றாக இருக்கும். மழைக்கு மறுநாளும் பார்க்கலாம். வறண்ட இலையுதிர்காலத்தில் வந்தால் வெறும் நூலாகத் தொங்கும். அஞ்சலட்டையில் பார்த்ததை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ட்ரூமெல்பாக் விஷயம் வேறு. ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மூன்று சிகரங்களிலும் இந்தப் பள்ளத்தாக்கை நோக்கிய பக்கத்தில் உருகும் பனியாற்று நீர் இந்த ஓடை வழியாகத்தான் இறங்கி வருகிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பு 24 சதுர கிலோமீட்டர், அதில் பாதி பனியும் பனிக்கட்டியும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது நொடிக்கு 20,000 லிட்டர் வரை பாய்கிறது. தண்ணீரோடு ஆண்டுக்கு 20,000 டன்னுக்கு மேல் கல்லும் மண்ணும் அடித்து வரப்படுகின்றன. இந்தக் கல்தான் இங்கே உளி. பாறையைச் சுழன்று சுழன்று அரைத்து, மலைக்குள் பத்து அடுக்கு அருவிகளுக்கு வழி வெட்டியிருக்கிறது.

உள்ளே போக, 1913-இல் மலையைக் குடைந்து அமைத்த சாய்வு லிஃப்ட் ஒன்று இருக்கிறது. இறங்கிய இடத்திலிருந்து படியேறிப் பத்தாவது அருவி வரை போய்விட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடந்தே கீழே வரலாம். பாறைச் சுவர் குடத்தின் உட்புறம் போல வழுவழுப்பாக வளைந்திருக்கும். ஓரிடத்தில் தண்ணீர் திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு இறங்குகிறது. கம்பியைப் பிடித்தால் அதிர்வு கைக்கு வரும், பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. இந்தப் பள்ளத்தாக்கு எப்படி உருவானது என்று எத்தனை விளக்கப் பலகைகளைப் படித்தாலும், இங்கே நிற்கும்போது புரிவது போலப் புரியாது. வெளியே அருவிகள் விழுவதற்கே காரணம், பனியுகத்தில் பெரிய பனியாறு நடுப் பள்ளத்தாக்கை ஆழமாக அறுத்துவிட்டுப் போக, பக்கத்து ஓடைகள் உயரத்திலேயே நின்றுவிட்டதுதான். அந்த அறுக்கும் வேலை இன்னும் முடியவில்லை என்பதை ட்ரூமெல்பாக்கில் நேரிலேயே பார்க்கிறோம்.

ஆனால் எல்லோருக்கும் ஏற்ற இடம் இல்லை. கட்டணம் உண்டு. படிகள் ஈரமாக இருக்கும், முழங்கால் வலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அனுமதிப்பதில்லை. ஜூலையிலும் குளிரும், மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். குளிர்கால மாதங்களில் மூடியிருக்கும். படம் எடுப்பவர்களுக்கு ஷ்டௌப்பாக்தான் சுலபம். உள்ளே இருட்டு, லென்ஸ் முழுக்கச் சாரல்.

இந்த வட்டாரத்தில் மேகம் தாழ இறங்கிவிடும் நாட்கள் நிறைய. அப்போது ஷ்டௌப்பாக்கின் மேல் பாதி மறைந்துபோகும். ட்ரூமெல்பாக்குக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. உயரம்தான் முக்கியம் என்பவர்கள் பள்ளத்தாக்கின் கோடியில் 417 மீட்டருக்கு இறங்கும் முர்ரன்பாக் அருவியைப் பார்க்கலாம். அது பாறையை ஒட்டிப் பல படிகளாக வருவதால், உயரம் கூடுதல் என்றாலும் ஷ்டௌப்பாக்கின் அழகு அதற்கு இல்லை.

ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு ட்ரூமெல்பாக்குக்கு. ஓங்கி விழும் அருவியை உலகில் எத்தனையோ இடங்களில் பார்க்கலாம், மலைக்குள் நின்று இப்படிப் பார்க்கும் வாய்ப்பு அரிது. இன்னொரு காரணமும் உண்டு. 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கன அளவில் சுமார் 10 விழுக்காட்டை இழந்துவிட்டன. ஷ்டௌப்பாக் மழையை நம்பியிருக்கிறது. ட்ரூமெல்பாக்கோ பனியாற்றை நம்பியிருக்கிறது. இன்றைய கோடை வெள்ளம் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இதே வேகத்தில் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அரைநாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். ஷ்டௌப்பாக் கிழக்கு நோக்கியது, காலை வெயிலில்தான் சாரல் மின்னும். அதனால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஷ்டெஹல்பெர்க் போகும் மஞ்சள் பஸ்ஸில் ஏறினால் ட்ரூமெல்பாக் வாசலிலேயே இறங்கலாம். நடப்பதென்றால் வயல்வெளி நடுவே சமதளப் பாதை, முக்கால் மணி நேரம். வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால் பிற்பகலில் தண்ணீர் கூடுதலாக இருக்கும். ஆனால் மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள், கடைசி நுழைவு நேரத்தைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.