கிளாக் லைனில் ஒரே ஒரு 33 ஓம்: டிசைனை வெளியே கொடுப்பவர்கள் கவனிக்க

நீளமான ஒரு கிளாக் லைன் (சிப்களுக்குத் தாளம் கொடுக்கும் சிக்னலின் பாதை), வழி நெடுக நான்கு சிப்கள், டிரைவர் (சிக்னலை அனுப்பும் சிப்) பக்கம் ஒரே ஒரு 33 ஓம் ரெசிஸ்டர். காசு வாங்கிக்கொண்டு டிசைன் செய்து கொடுத்தவர்கள் ஒப்படைத்த போர்டு இது. கூடவே வந்த அறிக்கையில் டெர்மினேஷன் (லைனில் சிக்னல் எதிரொலிப்பதை ரெசிஸ்டரால் அடக்குவது) சரிபார்க்கப்பட்டதாக ஒரு வரியும் துளி அலுங்காத ஓர் அலைவடிவப் படமும் இருந்தன. போர்டை ஓட்டினால் கடைசி சிப் ஒழுங்காக வேலை செய்கிறது. முதல் சிப்போ ஒரு கிளாக்கை இரண்டாக எண்ணி, டேட்டாவை ஒரு பிட் நகர்த்திவிடுகிறது. கேட்டதற்கு, "சாஃப்ட்வேரைப் பாருங்கள், இல்லையென்றால் கிளாக் வேகத்தைக் குறையுங்கள்" என்றார்கள். குறைத்தும் பயனில்லை. கோளாறு வேகத்தில் இல்லை, எட்ஜில், அதாவது சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் கணத்தில் இருக்கிறது.

இப்படி டிரைவர் பக்கம் ரெசிஸ்டர் போடும் சீரிஸ் டெர்மினேஷனில் டிரைவரிலிருந்து பாதி வோல்டேஜ்தான் கிளம்பும். லைனின் முடிவில் மோதி, இரட்டிப்பாகி, திரும்பி வரும்போதுதான் முழு வோல்டேஜ் எழும்பும். கடைசி முனையில் உள்ள சிப்புக்கு ஒரே தாவலில் முழு வோல்டேஜும் கிடைத்துவிடும். நடுவில் உள்ள சிப்கள் அந்த எதிரலை திரும்பும்வரை பாதியிலேயே காத்திருக்க வேண்டும். அறிக்கையில் இருந்த படம் கடைசி சிப்பில் எடுத்தது. முதல் சிப்பில் புரோப் வைத்திருந்தால் எட்ஜின் நடுவே படிக்கட்டு தெரிந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். டிரேஸ் (போர்டில் உள்ள செம்புப் பாதை) 150 மி.மீ., இம்பீடன்ஸ் (ஓடும் அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு) 50 ஓம், தாமதம் மி.மீ.க்கு 6.5 பிகோ செகண்ட். அப்படியானால் டிரேஸின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 19.5 பிகோஃபாரட். சிப் ஒன்றுக்கு 6 வீதம் நான்குக்கும் 24 பிகோஃபாரட் சேரும்போது, லைன் 50 ஓமாக இருப்பதில்லை, சுமார் 33.5 ஓமுக்கு இறங்கிவிடுகிறது. தாமதமும் சுமார் 1 நானோ செகண்டிலிருந்து ஏறக்குறைய 1.5 ஆகிறது. டிரைவரின் சொந்த எதிர்ப்பு 20 ஓம், ரெசிஸ்டர் 33, மொத்தம் 53. 3.3 வோல்ட்டில் முதல் படி சுமார் 1.3 வோல்ட். டிரைவரிலிருந்து 40 மி.மீ. தள்ளி உள்ள முதல் சிப், சுமார் 2 நானோ செகண்ட் அங்கேயே நிற்கும். இன்புட்டுக்கு 0.8 வோல்ட்டுக்குக் கீழே பூஜ்யம், 2.0க்கு மேலே ஒன்று. இடைப்பட்டது எதுவும் உறுதியில்லாத பகுதி. அங்கே சிறு இரைச்சல் பட்டாலும் கிளாக் இரண்டு முறை அடிக்கும்.

'மதிப்பு தப்பு, லைனின் 33இல் டிரைவரின் 20 போக 13 ஓம் போட்டால் சரியாகிவிடும்' என்றும் சொல்வார்கள். நம்பாதீர்கள். 13 ஓமில் முதல் படி 1.65 வோல்ட், இன்னும் நட்டநடுவில். இங்கே மதிப்பு பிரச்சினையே அல்ல, இந்த முறையே பொருந்தாது. டேட்டா லைன் என்றால் கதை வேறு: எதிரலை வந்து அடங்கியபின் படிக்க நேரம் இருந்தால் போதும், சீரிஸ் ரெசிஸ்டர் தாராளமாக ஓடும். கிளாக், ஸ்ட்ரோப் (டேட்டாவைப் படிக்க வேண்டிய கணத்தைச் சொல்லும் சிக்னல்) லைன்களுக்கு அந்தச் சலுகை இல்லை. டிடிஆர்3 மெமரியில் வரிசையாகச் சிப்களைத் தொட்டுச் செல்லும் அட்ரஸ் லைன்களைக் கடைசி முனையில், பாதி சப்ளை வோல்டேஜுக்கு டெர்மினேட் செய்வதும் எதிரலைக்குக் காத்திருக்க நேரமில்லாததால்தான்.

இருபக்கமும் பேசும் பஸ்ஸில் (பல சிப்கள் பகிர்ந்துகொள்ளும் லைன்களில்) இன்னொரு ஏமாற்று நடக்கிறது. கண்ட்ரோலர் பக்கம் மட்டும் ரெசிஸ்டர் போட்டுவிடுவார்கள். மெமரி பேசும்போது அந்த ரெசிஸ்டர் வாங்கும் முனையில் சும்மா உட்கார்ந்திருக்கும். நடுவில் உள்ள சிப் பேசினால், அதற்கு இருபுறமும் லைன். 50 ஓம் லைன் அதன் கண்ணுக்கு 25 ஓம்.

பணம் தருமுன் கேட்க வேண்டியது: முதல் சிப்பின் காலிலேயே (pin) எடுத்த அலைவடிவம். ஆசிலோஸ்கோப் 500 மெகாஹெர்ட்ஸாவது இருக்கட்டும். 200 மெகாஹெர்ட்ஸ் கருவியின் சொந்த எழுச்சி நேரமே சுமார் 1.75 நானோ செகண்ட், படிக்கட்டை அது வழித்துவிடும். புரோப்பில் நீளமான கிரவுண்ட் கிளிப் கூடாது, சிறு ஸ்பிரிங் போதும். ரெசிஸ்டர் டிரைவரின் காலிலிருந்து 10 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று லேஅவுட்டிலும் பாருங்கள்.

சரியான வழி, சிப் ஒவ்வொன்றுக்கும் தனி டிரேஸ், தனி ரெசிஸ்டர். ஆனால் ஒரே டிரைவரிலிருந்து கிளை பிரிந்தால், நீளம் சமமாக இருக்கும்போது, ரெசிஸ்டர் மதிப்பு லைன் இம்பீடன்ஸில் இருந்து கிளை எண்ணிக்கை பெருக்கல் டிரைவர் எதிர்ப்பைக் கழித்தது. 50 ஓம் லைனில், 20 ஓம் டிரைவருக்கு இரண்டு கிளை என்றால் 10 ஓம். மூன்றாவது கிளைக்கு விடை மைனஸில் போகும். நான்கு சிப்புக்கு, ஒரே கிளாக்கை நான்கு தனி வெளியீடுகளாகத் தரும் சிப்பான கிளாக் பஃபர்தான் வேண்டும்.

தயாராகிவிட்ட போர்டை மீட்க ஒரு வழி உண்டு: 33 ஓமை எடுத்துவிட்டு 0 ஓம், கடைசி முனையில் கிரவுண்டுக்கு 33 ஓமும் 100 பிகோஃபாரடும் சீரிஸாக. 20 ஓம் டிரைவருடன் ஏறும் எட்ஜ் 2.07 வோல்ட்டுக்கு வந்தாலும், இறங்கும் எட்ஜ் 1.23இல் சிக்கிக்கொள்ளும். டிரைவர் பலத்தைக் கூட்டி 10 ஓமுக்குக் கொண்டுவர முடிந்தால் 2.54, 0.76 கிடைக்கும், மயிரிழையில் தப்பலாம். முடியாத போர்டில் கிளாக் டிரேஸை வெட்டிப் பஃபர் வைப்பதுதான் மிச்சம். அந்தச் செலவை டிசைன் செய்தவர்களிடமே கேளுங்கள்.