ஐஓ சைக்காலஜியில் ஆன்லைன் பிஎச்டி: ஐந்தாவது வருஷத்துப் புலம்பல்

முன்பு என்னோடு வேலை பார்த்த பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்க படிக்கிற அந்த ஆன்லைன் பிஎச்டில நானும் சேரலாமா?" அவள் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் என் மூன்றாவது அத்தியாயம் ஆறாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. ஒரு வரியில் பதில் அனுப்பினேன். இங்கே எழுதத் தகுந்த வரி இல்லை அது. கோபம் கொஞ்சம் ஆறியிருப்பதால் இப்போது ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். முழுசாக ஆறவில்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐஓ என்பது தொழில், நிறுவன உளவியல், வேலையிடத்தில் மனிதர்களின் நடத்தையைப் படிக்கும் துறை. ஆய்வை மையமாகக் கொண்ட பிஎச்டிக்கும் நடைமுறைப் பயிற்சியை மையமாகக் கொண்ட சைடிக்கும் (PsyD) உள்ள வித்தியாசமெல்லாம் இதைத் தேடி வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது "ஏபிஏ அங்கீகாரம் இருக்கா?" என்றுதான். அமெரிக்க உளவியல் சங்கமான ஏபிஏ, மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், பள்ளி உளவியல் போன்ற துறைகளின் முனைவர் படிப்புகளுக்குத்தான் அங்கீகாரம் தருகிறது. ஐஓவுக்குத் தருவதில்லை. "எங்கள் ஐஓ பிஎச்டி ஏபிஏ அங்கீகாரம் பெற்றது" என்று யாராவது விற்க வந்தால் அங்கேயே போனை வைத்துவிடலாம். பல்கலைக்கழகத்துக்கே முறையான அங்கீகாரம் இருக்கிறதா, நீங்கள் வேலை பார்க்கும் நாட்டில் ஆன்லைன் பிஎச்டியை ஏற்கிறார்களா என்ற இரண்டையும் பாருங்கள், போதும்.

பாடங்களைப் பற்றி என்னிடம் குறை எதுவும் இல்லை. புதன்கிழமைக்குள் ஒரு டிஸ்கஷன் போஸ்ட், ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்றவர்களுக்கு இரண்டு பதில் என்ற சடங்கு மட்டும் அலுப்பு. ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு "உங்கள் பார்வை மிக அருமை" என்று முன்பின் தெரியாதவருக்கு எழுதிக்கொண்டிருப்போம். அதை விட்டுவிட்டால், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இதைவிட நல்ல பாடங்கள் கிடைக்காது என்றே சொல்வேன். வாரக் கடைசியில் படித்ததைத் திங்கட்கிழமை ஆபீஸில் நம் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஹாத்தார்ன் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் உழைப்பு கூடும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். ஹெச்ஆர் பயிற்சிகளில் நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 1927இல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தார்ன் ஆலையில், ரிலே என்ற மின்சுவிட்சுகளைப் பொருத்தும் சில பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்துச் சோதனையைத் தொடங்கினார்கள். பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்று நடுவிலேயே இரண்டு பேரை மாற்றினார்கள். கூலிக் கணக்கும் மாறியிருந்தது, பெரிய பிரிவின் உற்பத்தியை விட்டுவிட்டு அந்தச் சிறு குழுவின் உற்பத்தியை வைத்தே கூலி. ஆளையும் மாற்றி, கூலியையும் மாற்றிவிட்டு, உற்பத்தி கூடியதற்குக் கவனிப்புதான் காரணம் என்றால் எப்படி? இத்தனை வருஷம் கேட்காத அந்தக் கேள்வியை ஒரு வகுப்பு என்னைக் கேட்கவைத்தது.

இன்டர்வியூ சமாச்சாரம் அதைவிடப் பெரிய அடி. "அஞ்சு நிமிஷம் பேசினா போதும், ஆளை எடை போட்டுடுவேன்" என்று பெருமை அடித்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998இல் 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்து, பொது அறிவுத்திறன் தேர்வுக்கும் கட்டமைத்த நேர்காணலுக்கும் 0.51 என்று கணித்தார்கள். யார் நன்றாக வேலை செய்வார் என்பதை எந்த அளவுக்கு முன்கூட்டிச் சொல்லும் என்பதற்கான எண் அது, 1 என்றால் அச்சு அசலாகச் சொல்லும். 2022இல் சாக்கெட்டும் அவரது குழுவும் மறுபடி கணக்குப் போட்டபோது அறிவுத்திறன் 0.31க்கு இறங்கியது. நேர்காணல் 0.42இல் நின்று முதலிடத்துக்கு வந்தது. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே கேள்விகள் கேட்டு, எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் என்று முன்பே எழுதிவைத்து நடத்தும் நேர்காணல். என் ஐந்து நிமிஷ எடைபோடல் அதில் சேராது. அந்தப் பாடம் முடிந்த வாரமே ஒரு மாற்றம் செய்தேன். ஆள் வெளியே போனதும் யாரும் வாய் திறக்கக் கூடாது, அவரவர் மார்க்கை முதலில் தாளில் எழுத வேண்டும். முதல் நாள் ஒரே ஆளுக்கு 5க்கு 2, 4, 5 என்று மூன்று தாள்கள் வந்தன. அதுவரை பெரியவர் ஒருவர் "நல்ல பையன்" என்பார், மற்ற இருவரும் தலையாட்டுவோம். இந்த ஒரு பழக்கத்துக்காகவே கட்டிய பணம் தகும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஆய்வேடு வந்தது.

என் தலைப்பு, வேலையில் சுதந்திரம், பின்னூட்டம், மேலதிகாரியின் ஆதரவு ஆகிய மூன்றும் வேலை ஈடுபாட்டை எப்படிப் பாதிக்கின்றன என்பது. பின்னூட்டத்தைப் பற்றி ஆராயப் போய், அது கிடைக்காமல் நான் பட்ட பாடுதான் இந்தப் பதிவே. எங்கள் பல்கலைக்கழக விதிப்படி, ஒரு அத்தியாயத்தைப் போர்ட்டலில் ஏற்றினால் பதில் சொல்ல 14 வேலை நாள் அவகாசம். காலண்டரில் அது கிட்டத்தட்ட மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நிலை, 'பரிசீலனையில்'. கைடு பார்த்து, கமிட்டியின் இரண்டாவது ஆள் பார்த்து, ஆய்வுமுறை பார்ப்பவர் பார்க்க வேண்டும். ஒருவர் திருப்பி அனுப்பினால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஆய்வேடு கட்டத்தில் பணம் டெர்ம் கணக்கில். அத்தியாயம் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் பில் மட்டும் தவறாமல் வரும்.

காத்திருந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் ஓரத்தில் ஒரே ஒரு சொல்: 'கிளாரிஃபை'. எதை? 'கிளாரிஃபை' என்பதையே யாராவது கிளாரிஃபை பண்ணினால் தேவலை. மெயில் போட்டுக் கேட்டால் அதற்குப் பதில் வர ஒரு வாரம். ஹாக்மன், ஓல்டாம் என்ற ஆய்வாளர்கள் 1970களில் கொடுத்த சூத்திரம் ஒன்று உண்டு, ஒரு வேலை ஆளுக்கு எவ்வளவு ஊக்கம் தரும் என்று கணக்கிட. வேலையின் பலவகைத் தன்மை, முழுமை, முக்கியத்துவம் மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்து, அதைச் சுதந்திரத்தால் பெருக்கி, பின்னூட்டத்தாலும் பெருக்க வேண்டும். முதல் மூன்றில் ஒன்று குறைந்தால் மற்றது ஈடுகட்டும். பின்னூட்டம் பெருக்கலில் இருக்கிறது, அது பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். இந்தச் சூத்திரத்தை விளக்கி நான் எழுதிய பக்கம்தான் 14 நாள் 'பரிசீலனையில்' கிடந்தது.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் எனக்கு மனத்தாங்கல் கிடையாது, நியாயமான ஆட்கள். என் சொந்தக் கம்பெனியிலேயே ஆய்வு செய்யலாம் என்றுதான் முதலில் திட்டம். "நீங்கள் ஹெச்ஆர். நீங்கள் கேட்டால் அவர்கள் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வெளி நிறுவனங்களில் கேட்டேன். ஒன்று மறுத்தது. மற்றொன்று சம்மதக் கடிதம் தந்த பிறகு, அங்கே ஹெச்ஆர் தலைவர் மாறியதும் பின்வாங்கியது. கடைசியில் இணையம் வழியாகவே ஆள் சேர்த்தேன். எத்தனை பேர் தேவை என்று கணக்கிடும் ஜிபவர் மென்பொருளில் மூன்று காரணிகள், நடுத்தர விளைவு, 0.80 திறன் (உண்மையில் இருக்கும் விளைவைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) என்று போட்டால் குறைந்தது 77 பேர் வேண்டும் என்றது. அந்த 77ஐத் தொட ஏழு மாதம். சேருகிறவர்கள் யாரிடம் தரவு வாங்கப் போகிறோம் என்பதை முதல் வருஷத்திலேயே யோசித்துவையுங்கள்.

தரவு வந்ததும் இன்னொரு கூத்து. ஆய்வுத் திட்டத்தை எதிர்கால வினையில் எழுத வேண்டும், தரவு 'சேகரிக்கப்படும்' என்று. முடித்த பிறகு அதே அத்தியாயம் முழுக்க இறந்தகாலத்துக்கு மாற வேண்டும். ராத்திரி ஒரு மணிக்குப் பொறுமை இல்லாமல் 'வில் பீ' என்றிருந்த இடத்தையெல்லாம் ஒரே கிளிக்கில் 'வாஸ்' ஆக்கி அனுப்பிவிட்டேன். மேலதிகாரிகள் காட்டும் நல்லெண்ணத்தைப் பற்றிய ஒரு வரியில் 'குட்வில் பீயிங்' என்று இருந்திருக்கிறது. அது 'குட்வாஸிங்' ஆகிவிட்டது. பதினான்காவது நாள் வந்த கமென்ட்: "இந்தக் கலைச்சொல்லுக்கு மேற்கோள் தரவும்." சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் லேப்டாப்பை மூடினேன். படிக்காமலே கமென்ட் போடுகிறார்கள் என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படியும் அடித்துச் சொல்ல முடியாது. சுதந்திரத்தை அளக்கும் கேள்விகளுக்குக் க்ரான்பாக் ஆல்ஃபா, அதாவது அந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண், 0.41 வந்திருந்தது. 0.70ஆவது வேண்டும். 'மாதிரி சிறியது, அதனால் இருக்கலாம்' என்று ஒரு பத்தி சப்பைக்கட்டு எழுதி அனுப்பினேன். கைடு அந்தப் பத்தியின் ஓரத்தில் எழுதியிருந்தார்: "தலைகீழாகக் கேட்ட கேள்விகளைத் திருப்பினாயா?" எதிர்மறையாகக் கேட்ட கேள்விகளுக்கு வந்த மார்க்கைத் தலைகீழாக மாற்றிய பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும். நான் திருப்பவில்லை. திருப்பியதும் 0.78. அந்த ஒரு வரி வராமல் போயிருந்தால், தப்பான எண்களோடு வைவாவில் போய் நின்றிருப்பேன். அதுவும் பதினான்காவது நாள்தான் வந்தது.

ஆகவே கணக்கு இதுதான். பாடங்களுக்கு முழு மார்க். கைடு கெட்டிக்காரர், ஆனால் ஒருவரே எத்தனை பேரைப் பார்ப்பார்? இவ்வளவும் நல்லதாகச் சொல்லிவிட்டு, அந்த முதல் பதிலுக்குப் பிறகு அவளிடம் நான் சொன்னது "வேண்டாம்மா" என்றுதான். இதே பாடங்கள் முதுகலையிலும் உண்டு, அதைப் படி என்றேன்.

அவள் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தாள். என் சம்மதத்தைக் கேட்கவே இல்லை போலிருக்கிறது, நோக்க உரையைப் படித்துப் பார்க்கச் சொல்வதற்குத்தான் பேச்சை எடுத்திருக்கிறாள். சாயங்காலம் அனுப்பினாள், இரண்டு பக்கம். இரண்டாவது பத்தியில் ஏன் ஆய்வு செய்ய விரும்புகிறாள் என்பது குழப்பமாக இருந்தது. ஓரத்தில் 'தெளிவுபடுத்தவும்' என்று டைப் பண்ணிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்து, அந்தச் சொல்லை அழித்துவிட்டு, எந்த வரி புரியவில்லை, ஏன் புரியவில்லை, எப்படி மாற்றலாம் என்று நாலு வரி எழுதினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே அனுப்பியும்விட்டேன்.

என் அத்தியாயம் இன்னும் 'பரிசீலனையில்'. இன்றோடு ஏழாவது நாள்.