ஐரோப்பிய ஆற்றல் முத்திரையும் எப்ரல் தரவுத்தளமும்: ஒரு நுகர்வோர் மதிப்புரை

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குளிர்சாதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வாங்கச் செல்பவரின் கண்ணில், விலைச்சீட்டுக்கு அடுத்தபடியாகப் படுவது, பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஏழு பட்டைகளைக் கொண்ட ஆற்றல் முத்திரையாகும். 1992ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டத்திலிருந்து வளர்ந்து வந்த இந்த முத்திரை, 2021 மார்ச் 1 முதல் புதிய வடிவில் கடைகளில் இடம்பெற்றது. அதன் மூலையிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால், எப்ரல் என்ற ஐரோப்பிய ஒன்றியத் தரவுத்தளத்தில் அந்தப் பொருளுக்குரிய பக்கம் திறக்கும். காசு கேட்காமலும் பதிவு செய்யச் சொல்லாமலும் கிடைக்கும் இந்தச் சேவை வீட்டு மின்கட்டணத்தைக் குறைக்க எவ்வளவு உதவுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பழைய முத்திரையின் குறை யாவரும் அறிந்ததே. மிகச் சிறந்ததைக் குறித்த ஏ வகுப்பை எல்லா உற்பத்தியாளர்களும் எட்டிவிட்டதால் அதற்கு மேல் ஏ+, ஏ++, ஏ+++ என்று கூட்டல் குறிகளை அடுக்கினார்கள். கடையில் நிற்கும் எல்லாப் பொருளும் சிறந்ததாகவே தோன்றும் நிலை உருவாயிற்று. புதிய முத்திரை கூட்டல் குறிகளை நீக்கி ஏ முதல் ஜி வரை மட்டுமே வகுத்ததோடு, வருங்காலத் தொழில்நுட்பத்துக்கென்று ஏ வகுப்பைத் தொடக்கத்தில் ஏறத்தாழக் காலியாகவே விட்டது. நேற்றுவரை ஏ+++ என்று விற்ற பொருள் மறுநாள் டி வகுப்பில் நின்றதைப் பார்த்துப் பலர் குழம்பினார்கள் என்றாலும், இது துணிச்சலான, சரியான முடிவு. ஒரு வகைப் பொருளின் விற்பனையில் 30 விழுக்காடு ஏ வகுப்பிலோ, 50 விழுக்காடு ஏ, பி இரண்டிலும் சேர்த்தோ வந்துவிடும் என்ற நிலை ஏற்பட்டால் அளவுகோலை மறுபடி இறுக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதியே சொல்வதால், பழைய கதை திரும்ப வாய்ப்புக் குறைவு.

முத்திரையில் சொற்கள் ஏறக்குறைய இல்லை. படக்குறிகளும் எண்களுமே உள்ளன. உள்ளூர் மொழி இன்னும் கைவராத புலம்பெயர்ந்தவருக்கு இது பெரிய உதவி. ஆனால் பெரும்பாலோர் பார்ப்பது எழுத்தை மட்டும்தான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் வகுப்பு, அதன் கொள்ளளவைக் கணக்கில் கொண்டு ஒப்பீட்டு முறையில் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே, சி வகுப்பிலுள்ள இரட்டைக் கதவுப் பெரிய பெட்டி, ஈ வகுப்பிலுள்ள சிறிய பெட்டியைவிட ஆண்டுக்கு அதிக மின்சாரத்தை இழுக்கக்கூடும். எழுத்துக்குக் கீழே தடித்து அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டு கிலோவாட் மணி எண்ணே, அதாவது யூனிட் கணக்கே, கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. மீனையும் கறிவேப்பிலையையும் மாதக்கணக்கில் சேமிக்கத் தனியாக ஓர் உறைபெட்டி வைத்திருக்கும் நம்மவர் வீடுகளில் இரண்டு முத்திரைகளின் எண்களையும் கூட்டிப் பார்ப்பது நல்லது.

எண்ணைப் பிடித்துக்கொண்டால் விலையையும் நிதானமாக எடைபோட முடிகிறது. ஒரே கொள்ளளவில் ஏ வகுப்புப் பெட்டி ஈ வகுப்புப் பெட்டியின் ஏறத்தாழப் பாதி மின்சாரத்தையே எடுக்கும். அந்த வேறுபாடு ஆண்டுக்கு 100 யூனிட் என்றும், யூனிட் விலை 30 சென்ட் என்றும் வைத்துக்கொண்டால், மிச்சமாவது 30 யூரோ. ஏ வகுப்புக்காகக் கூடுதலாக 400 யூரோ கொடுத்தவருக்கு அந்தப் பணம் திரும்பி வர 13 ஆண்டுகளுக்கு மேலாகும். விற்பனையாளர்கள் இந்தக் கணக்கை விரும்பிச் சொல்வதில்லை.

சலவை இயந்திரத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அங்கே எண் 100 சலவைகளுக்கு உரியது. அதுவும் ‘ஈகோ 40-60’ என்ற ஒரே சலவை நிரலுக்கு மட்டும் உரியது. வெந்நீரின் சூட்டைக் குறைத்து, நேரத்தை நீட்டிச் சிக்கனம் செய்யும் அந்த நிரல், பெரிய இயந்திரங்களில் மூன்று மணி நேரத்தையும் தாண்டி ஓடுவதுண்டு. அதைப் பொறுக்காமல் வேறு நிரலைத் தட்டிவிடுகிறவருக்கு முத்திரையிலுள்ள எண் பொருந்தாது. தொலைக்காட்சிக்கு 1000 மணி நேரக் கணக்கு. அதிலும் வழக்கமான ஒளிபரப்புக்கு ஒரு வகுப்பும், எச்டிஆர் எனப்படும், ஒளி-நிழல் வேறுபாடு கூடிய காட்சிக்குத் தனியாக வேறொரு வகுப்பும் தரப்பட்டிருக்கின்றன. இரண்டாவது பெரும்பாலும் மோசமாகவே இருக்கும்.

எப்ரல் தளத்தைப் பொறுத்தவரை, முத்திரையில் இல்லாத பல செய்திகள் அங்கே கிடைக்கின்றன. உற்பத்தியாளர் தரும் குறைந்தபட்ச உத்தரவாதக் காலத்தைக் கடைக்குப் போகாமலேயே பார்த்துவிடலாம். வகுப்பு, கொள்ளளவு என்று வடிகட்டியும் தேடலாம். ஆனால் விலை இராது. மாடல் எண்ணை முழுமையாக அறியாதவர், ஒரே பெயரில் வரிசைகட்டி நிற்கும் பதிவுகளுக்கிடையே திணற நேரும். தரவுகளை உள்ளிடுபவர் உற்பத்தியாளரே. சோதித்துப் பார்ப்பது அந்தந்த நாட்டு அதிகாரிகளின் பொறுப்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2025 ஜூன் 20 முதல் கைப்பேசிகளுக்கும் டேப்லட் எனப்படும் கைக்கணினிகளுக்கும் முத்திரை வந்திருக்கிறது. ஒரு முறை மின்னேற்றினால் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், கீழே விழுந்தால் என்னாகும், பழுதுபார்ப்பது எளிதா என்பவற்றுக்கும் அதில் விடை உண்டு. என் பார்வையில் இதுவரை வந்தவற்றில் மிகப் பயனுள்ள முத்திரை இதுவே.

முழு மதிப்பெண் தரத் தடையாக இருப்பது, திட்டம் இன்னும் அரைகுறையாக நிற்பதுதான். அறைக் குளிரூட்டிகளும் மின்சார அவன்களும் ஏ+++ தொடங்கும் பழைய அளவுகோலிலேயே விற்கப்படுகின்றன. எனவே ஒரே கடையில் ஒரு பொருளின் ஏ சிறப்பையும், மற்றொன்றின் ஏ நடுத்தரத்தையும் குறிக்கிறது. சமையலறையில் அன்றாடம் எரியும் மின்னடுப்புக்கோ, சோறாக்கும் மின்குக்கருக்கோ முத்திரையே கிடையாது. ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஐந்தாவதை மின்னடுப்புக்கு முத்திரை வரும்போது கொடுக்கலாம்.