ரப்பர் கவர் போட்ட குழந்தைகள் டேப்லெட்: வாங்கலாமா? டர்பனிலிருந்து ஒரு ரிவ்யூ

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எந்த மாலுக்குப் போனாலும் பொம்மை வரிசையை ஒட்டியே இந்த டேப்லெட்டும் இருக்கிறது. ஏழு இன்ச் திரை, சுற்றிலும் தடித்த ரப்பர் கவர், பின்னால் ஒரு கைப்பிடி, பெட்டியில் சிரிக்கிற யானை, "3 வயது முதல்", "விளையாடிக்கொண்டே கற்கலாம்" என்று பெரிய எழுத்து. விலை ஆயிரத்து சொச்சம் ரேண்ட். எங்கள் மகளுக்கு மூன்று வயது முடிந்தபோது என் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. நாலைந்து பெயர்களில் இதே பெட்டி வருகிறது, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் பெயர் சொல்லிப் பயனில்லை. சில மாதங்களாக வீட்டில் இருக்கிறது, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் "வாங்கலாமா, பிள்ளை ஏதாவது கத்துக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொருளாகப் பார்த்தால் விலைக்கு மோசமில்லை. ரப்பர் கவர் நிஜமாகவே உழைக்கிறது. சமையலறை டைல்ஸில் பலமுறை விழுந்தும் திரையில் ஒரு கீறல் இல்லை. பேட்டரி ஒரு மூன்று மணி நேரம் தாங்கும், 2023இல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது இங்கே இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். திரை மங்கல், வராந்தா வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. 32 ஜிபி என்று போட்டிருக்கிறார்கள், அதில் நிறைய இடத்தைக் கூடவே வந்த ஆப்கள் பிடித்துக்கொள்கின்றன, அவற்றில் பலவற்றை அழிக்கவும் முடியாது. ஸ்பீக்கர் பின்பக்கம் இருக்கிறது, கவர் அதில் பாதியை மூடிவிடுகிறது, அதனால் பிள்ளை சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துக்கொள்கிறாள். சத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிற வசதி இல்லை. குழந்தைகளுக்கென்று விற்கிற பொருளில் இது இருந்தே ஆக வேண்டும், இதற்காகவே மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இலவச ஆப்கள் எல்லாம் விளம்பரத்தில் ஓடுகின்றன. ஒரு ஆட்டம் முடிந்ததும் வருகிற விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி என் விரலுக்கே அகப்படாது, மூன்று வயது விரலுக்கு எப்படி அகப்படும்? தொட்டால் இன்னொரு ஆப் டவுன்லோடு ஆக ஆரம்பிக்கிறது. இங்கே டேட்டா விலையும் தெரிந்ததுதானே.

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். பெட்டியில் "கற்கலாம்" என்று எழுதியிருப்பதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

எண்கள் கற்றுத்தரும் ஆப் ஒன்று இருக்கிறது. மூன்று ஆப்பிள் வரும், கீழே நாலு எண் வரும், சரியானதைத் தொட்டால் நட்சத்திரம் பொழிந்து கைதட்டல் கேட்கும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகப் பார்த்தேன். அவள் ஆப்பிளைப் பார்க்கவே இல்லை. கீழே இருக்கிற நாலு எண்ணையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகிறாள், எங்கே நட்சத்திரம் வருகிறதோ அங்கே நிறுத்துகிறாள். தப்பாகத் தொட்டால் ஒன்றும் ஆவதில்லை, அதனால் யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆப்பின் கணக்கில் அவள் பத்து வரை தேறிவிட்டாள், கோப்பை கொடுத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் "மூணு ஸ்பூன் எடுத்துட்டு வாம்மா" என்றேன், கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். அப்புறம் மேஜையில் ஒவ்வொன்றாக வைத்து, இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது உனக்கு என்று நானும் அவளும் எண்ணினோம், மிச்சத்தைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டாள். மறுநாள் அவளாகவே தட்டுக்கு ஒன்றாக வைத்தாள். ஆப் மோசமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒரு பக்கம். நல்ல ஆப்பாகவே இருந்தாலும் அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று அதற்குத் தெரியாது, என்ன கேட்கிறாள் என்று காதில் விழாது.

இது என் வீட்டு அனுபவம் மட்டுமில்லை. 2003இல் பாட்ரிசியா கூல் என்கிற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் சியாட்டிலில் ஒரு சோதனை செய்தார்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருக்கு சீனம் பேசுகிறவர்கள் நேரில் வந்து விளையாடி, புத்தகம் படித்துக் காட்டினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள் அதே விஷயத்தைச் செய்கிற வீடியோ. பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பிறகு நேரில் கேட்ட குழந்தைகளால் சீன ஒலிகளை வேறுபடுத்த முடிந்தது, வீடியோ பார்த்தவர்களுக்கு எதுவும் ஏறவில்லை. கைக்குழந்தைகளுக்கு இப்படி என்றால் மூன்று வயதுக்கும் அதே அளவு என்று சொல்ல முடியாது, வயது ஏற ஏறத் திரையிலிருந்து எடுத்துக்கொள்ளும் திறன் கூடும். ஆனால் எங்கள் வீட்டில் நடப்பதும் அதே திசையில்தான் இருக்கிறது. டேப்லெட்டில் ஸ்பானிஷ் எண்கள் பாட்டு ஒன்று இருக்கிறது, மகள் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், மெட்டு மட்டும்தான் அவளிடம் இருக்கிறது. கிரெச்சில் (குழந்தைகள் காப்பகத்தில்) அவளைப் பார்த்துக்கொள்கிற, ஜூலு மொழி பேசுகிற அம்மாவிடம் போனதிலிருந்து காலையில் "சாவுபோனா" (வணக்கம்), சாப்பாடு வைத்தால் "ங்கியபோங்கா" (நன்றி), யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமலே வருகிறது. அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார், அவள் திரும்பச் சொல்லும்வரை காத்திருக்கிறார், சொன்னதும் சிரிக்கிறார்.

இந்த ஊரில் பிள்ளை வளர்க்கிற தமிழ்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இதில் இன்னொன்று உண்டு. 2024இல் ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. குழந்தைகளின் சட்டையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று எண்ணினார்கள். மூன்று வயதில், திரை ஓடுகிற ஒவ்வொரு கூடுதல் நிமிஷத்துக்கும் குழந்தை கேட்கிற பெரியவர்களின் சொற்கள் சுமார் ஏழு குறைந்தன, குழந்தை தானே எழுப்புகிற ஒலிகள் ஐந்து, மாறி மாறிப் பேசிக்கொள்வது ஒன்று. அரை மணி நேரம் என்றால் ஏறக்குறைய 200 சொற்கள். சென்னையில் இருக்கிற பிள்ளைக்கு அந்த 200 போனால் தெருவிலும் கடையிலும் ஆட்டோவிலும் திரும்ப வந்துவிடும். இங்கே என் மகளுக்குத் தமிழ் வருவது மூன்றே வாயிலிருந்து: நான், அவள் அப்பா, திருநெல்வேலியில் இருக்கிற அவள் ஆச்சி. வெளியே எல்லாம் ஆங்கிலம், கொஞ்சம் ஜூலு. டேப்லெட்டிலும் ஆங்கிலம்தான். ஆக எங்கள் வீட்டில் டேப்லெட் ஓடுகிற நேரம் நேராகத் தமிழின் கணக்கிலிருந்து போகிறது. தமிழ் ரைம்ஸ் வீடியோ போட்டால் ஈடாகிவிடும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள், நானும் போட்டுப் பார்த்தேன், பாட்டை ஒப்பிக்கிறாள், அதில் வருகிற ஒரு சொல்லைக்கூட வேறு இடத்தில் எடுத்துப் பயன்படுத்தவில்லை. பக்கத்து வீட்டு ஆயா இங்கே இந்திய வம்சாவளியினர் நிறைய வாழ்கிற சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் நாலாம் தலைமுறை, அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. என் மகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கருவேப்பிலை கேட்டால் அவர் முகம் மலர்கிறதைப் பார்க்க வேண்டும். "டோன்ட் லூஸ் இட், மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்-சேய் ஜோடிகளை வைத்து 2023இல் வந்த ஆய்வும், ஒரு வயதில் திரை நேரம் அதிகமாக இருந்த குழந்தைகளிடம் இரண்டு, நாலு வயதில் பேச்சுத் தொடர்பிலும் சிக்கல் தீர்க்கும் திறனிலும் பின்தங்கல் அதிகம் காணப்பட்டது என்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதற்கும் இதனால்தான் அது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தாமதமாகப் பேசுகிற பிள்ளையைச் சமாளிக்க முடியாமல் திரையைக் கொடுத்த வீடும் அதில் இருக்கலாம், ஓய்வே இல்லாத அம்மாவும் இருக்கலாம். உறவுக்காரர் யாரும் இல்லாத ஊரில் ஒரு கையில் கைக்குழந்தை, அடுப்பில் குக்கர், காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று என்று நிற்கிற பெண் இருபது நிமிஷம் டேப்லெட்டைக் கொடுத்தால் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. அந்த இருபது நிமிஷத்தால் பிள்ளை கெட்டுவிடாது. பொருளைப் பாடம் நடத்தும் டீச்சர் என்று விற்பதுதான் எனக்குக் கோபம்.

அடுத்தது டைமர். இந்த டேப்லெட்டின் பெருமையாகப் பெட்டியில் போட்டிருக்கிற வசதி. நேரம் முடிவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் ஒரு மணி அடிக்கும், அப்புறம் திரை அப்படியே பூட்டிக்கொள்ளும், முயல் பாதி ஓட்டத்தில் இருந்தாலும் சரி. தரையில் விழுந்து புரண்டு அழுகை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2016இல் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளை வைத்து இதையே ஆராய்ந்திருக்கிறார்கள்: "இன்னும் இரண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டி எச்சரித்தால் அழுகை கூடத்தான் செய்கிறது, கதையோ ஆட்டமோ இயல்பாக முடிகிற இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் லேசாக விட்டுவிடுகிறார்கள். நான் டைமரை அணைத்துவிட்டு, முடிவு உள்ள ஒரே ஒரு கதையைப் போட்டு, முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாதபடி ஆட்டோபிளேயையும் நிறுத்தினேன், பெரும்பாலும் அவளே மூடிக் கொடுக்கிறாள். இந்த அழுகையை அடக்கத் திரும்ப டேப்லெட்டையே கொடுக்காதீர்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த அடிக்கடி கருவியைக் கொடுக்கிற வீடுகளில், சில மாதம் கழித்துப் பிள்ளைகளின் உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடியிருந்ததை, முக்கியமாகப் பையன்களிடம், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டுகிறது.

இந்த டேப்லெட் உண்மையிலேயே உதவுகிற இடம் ஒன்று இருக்கிறது: ஆச்சியோடு வீடியோ கால். இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் என்பதால் கிரெச்சிலிருந்து வந்து பால் குடிக்கிற நேரத்தில் அங்கே இரவுச் சாப்பாடு. ஆச்சி தட்டைக் கேமரா பக்கம் சாய்த்து "இது என்ன சொல்லு பார்ப்போம்" என்பார்கள், இவள் "இட்லி" என்பாள், "எத்தனை இட்லி?" என்று அடுத்த கேள்வி வரும், இவள் தப்பாகச் சொன்னால் ஆச்சி ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டி மறுபடி எண்ணவைப்பார்கள். அதே கண்ணாடித் திரைதான், ஆனால் அந்தப் பக்கம் பதில் சொல்கிற ஆள் இருக்கிறார். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் வீடியோ காலில் பேசுகிறவரிடமிருந்து புது வினைச்சொற்களை நேரில் கற்பதுபோலவே கற்றார்கள், பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை என்று 2014 ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 18 மாதத்துக்குக் கீழே திரை வேண்டாம் என்று சொல்லும்போது வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு தருகிறது. வருத்தம் என்னவென்றால் இந்த டேப்லெட்டில் முன்பக்கக் கேமராதான் ஆகக் கேவலம், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால்தான் ஆச்சிக்கு இவள் முகம் தெரிகிறது. சும்மா கிடக்கிற பழைய போன் வீட்டில் இருந்தால் அது இதைவிட நன்றாக வேலை செய்யும்.

வயதுக் கணக்கு கேட்கிறவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. நம் தென்னாப்பிரிக்காவே ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்தில் எவ்வளவு ஓட்டம், எவ்வளவு தூக்கம், எவ்வளவு திரை என்று 2018இல் தனி வழிகாட்டுதல் கொண்டுவந்திருக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. கிளினிக்கில் கொடுக்கிற ரோடு டு ஹெல்த் என்கிற குழந்தை நலப் பதிவுப் புத்தகத்தைத் தடுப்பூசிப் பக்கத்தோடு மூடிவிடாதீர்கள், பிள்ளையோடு பேசுவது, விளையாடுவது பற்றியும் அதில் இருக்கிறது, வயசுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. பேச்சு பிந்துகிறது என்று சந்தேகம் இருந்தால் டேப்லெட்டைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் காத்திருக்காமல் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் போங்கள், காது கேட்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. ஒன்று ரப்பர் கவருக்கு, ஒன்று பேட்டரிக்கு. இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் வாங்கவே வேண்டாம். மூன்று, நாலு வயதுக்கு, பக்கத்தில் உட்கார ஆள் இருந்தால், ஊரில் பேசுவதற்குத் தாத்தா பாட்டி இருந்தால், சரி. பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஆப்களை விட்டுவிட்டு தகலானி செசமி என்கிற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியைப் போட்டுக் கூடவே உட்காருங்கள், 2000இலிருந்து இந்த நாட்டுப் பிள்ளைகளுக்காகவே எடுக்கிறார்கள், ஜூலுவும் காதில் விழும். அதே ஆயிரத்து சொச்ச ரேண்டுக்குக் களிமண், தடித்த கிரேயான், ஒரு பந்து, நாலைந்து படப் புத்தகம் எல்லாம் வாங்கியும் மிச்சம் இருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பில்லை ஆறு மாதம் பத்திரமாக வைத்திருங்கள். இந்த டேப்லெட்டில் முதலில் போவது சார்ஜ் செருகுகிற இடம்தான், எங்களுடையது ஆட ஆரம்பித்துவிட்டது. தயாரிப்புக் குறை என்றால் ஆறு மாதத்துக்குள் ரிப்பேரோ, மாற்றுப் பொருளோ, பணமோ எது வேண்டும் என்று கேட்க இந்த நாட்டு நுகர்வோர் சட்டத்தில் உரிமை இருக்கிறது, கடைக்காரர் ரிப்பேர் மட்டும்தான் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.