வாசல் கதவுக்குக் கடற்கரை வளையம்: மும்பை ஈரத்துக்கு எது தாங்கும்?

கோடைக்கு வாசல் கதவில் கிளிஞ்சலும் சோழியும் கயிறுமாக ஒரு வளையம் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் என்னைச் சுற்றியே பலர் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துச் செய்யும் வீடியோக்கள் பெரும்பாலும் வேறு ஊர்க் கதவுகளுக்கானவை. அங்கே கதவு ஒன்றுதான். நமக்கு மரக்கதவுக்கு வெளியே கம்பி போட்ட சேஃப்டி டோர் இருக்கிறது. மே மாதக் காற்றோ துவைத்த துணியையே காயவிடாது. அதனால் அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கனம், தடிமன், ஈரம் மூன்றையும் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளைப் பூக்களை நெருக்கமாகச் சுற்றிய வட்டம் நம் வீடுகளில் அஞ்சலிக்கு வைப்பது. பெரியவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் அது மனதை உறுத்தும். துணிப்பூ, காகிதப்பூ எதுவும் வேண்டாம். கயிறும் கிளிஞ்சலும் தெரியட்டும். மேலே மாவிலைத் தோரணம் இருந்தால் இன்னும் நல்லது.

அடிவளையத்துக்கு மூன்று வழிகள் உண்டு. வீடியோக்களில் அதிகம் வருவது தெர்மகோல் வளையம். லேசானது, வெட்டுவதும் குத்துவதும் சுலபம். ஆனாலும் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மகாராஷ்டிர அரசு 2018-இல் கொண்டுவந்த பிளாஸ்டிக், தெர்மகோல் தடையில் அலங்காரத் தெர்மகோலும் அடங்கும். அதை விட்டுப் பார்த்தாலும், ரப்பர் வாசனை அடிக்கும் மஞ்சள் பசையைத் தடவினால் தெர்மகோல் கரைந்து குழிவிழும். கிளிஞ்சலைப் பிடித்து நிறுத்தும் வலுவும் அதற்கு இல்லை.

இரண்டாவது, எம்பிராய்டரிக்குத் துணி மாட்டும் மர வளையம். தட்டையானது, கனமே இல்லை. சேஃப்டி டோருக்கும் மரக்கதவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள். முழுவதும் அடைக்காமல், கீழே ஒரு பக்கமாகப் பிறைபோல் மட்டும் சோழிகளைக் கட்டினால் பார்க்க நன்றாயிருக்கும். பெரிய சங்கு எதையும் இது தாங்காது.

மூன்றாவது தேங்காய்நார்க் கயிற்று வளையம். எனக்குப் பிடித்தது இதுதான், இடம் இருந்தால். நார்க் கயிறு உப்புத்தண்ணீருக்கும் ஈரத்துக்கும் சட்டென்று மக்காது. மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டுத்தான் அந்த நாரையே எடுக்கிறார்கள். பழைய ஹோஸ் பைப்பில் ஒரு மீட்டர் வெட்டி, இரு முனைகளையும் ஒரு குச்சித் துண்டால் இணையுங்கள். 32 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரும். அதன்மேல் 6 மி.மீ. கயிற்றை நெருக்கமாகச் சுற்ற ஏறக்குறைய 13 மீட்டர் பிடிக்கும், 15 மீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது குழாய் என்பதால் அது துருப்பிடிக்காது, ஊறாது. கயிற்றின் சொரசொரப்பில் கிளிஞ்சலைக் கட்டும் நூல் வழுக்காமல் நிற்கும். பெயின்ட் எதுவும் தேவையில்லை. கயிற்றின் நிறமே ஈரமணல் நிறம். மாட்டினால் கதவிலிருந்து நாலு விரல் துருத்தி நிற்கும், அது ஒன்றுதான் குறை.

எந்த வளையமாக இருந்தாலும், அது நிலைக்குமா உதிருமா என்பதைத் தீர்மானிப்பது ஒட்டுவதா கட்டுவதா என்ற கேள்விதான். பசைக் குச்சியை உருக்கிச் சொட்டும் ஹாட் க்ளூ கன் வேகமானது, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் கிளிஞ்சலின் வழவழப்பான உள்பக்கத்தை அந்தப் பசை கெட்டியாகப் பற்றுவதில்லை; ஆறிய பிறகு நகத்தால் நெம்பினால் முழுசாக உரிந்துவரும். மேற்கு பார்த்த கதவில் பிற்பகல் வெயில் அடித்தால் இளகவும் செய்யும். மரவேலைக்கான வெள்ளைப் பசை தண்ணீரில் கரைந்தது, ஈரக்காற்றில் நெகிழும். ஒட்டியே ஆகவேண்டிய இடத்துக்கு இரண்டு ட்யூபைக் கலந்து பூசும் எபாக்ஸிதான் சரி. அதையும் ஒரு நாள் முழுக்க அசைக்காமல் காயவிட வேண்டும்.

என் ஓட்டு கட்டுவதற்கே. துளையுள்ள கிளிஞ்சலை மீன்பிடி நைலான் நூலில் கோத்து வளையத்தில் முடிந்துவிட்டால், வெயில் அடித்தாலும் ஈரம் ஏறினாலும் அது விழாது. துளை போட வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சல்களில் சிலவற்றின் உச்சியருகே, இயந்திரம் போட்டதுபோல் வட்டமான சிறு துளை இருக்கும். மணலுக்குள் வாழும் ஒருவகை நத்தை, உள்ளிருக்கும் சதையைத் தின்பதற்காக அமிலம் சுரந்து, நாக்கால் அராவிப் போட்ட துளை அது. அவற்றை மட்டும் பொறுக்கினாலே ஒரு வளையத்துக்குப் போதுமான அளவு சேர்ந்துவிடும். நீங்களே துளையிடுவதானால் 2 மி.மீ. ட்ரில் பிட்டை வைத்து, ஈரத்துணிமேல் தண்ணீர் சொட்டவிட்டபடி போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம்.

கிளிஞ்சல் எங்கிருந்து? ஜுஹூ கடற்கரையில் கூட்டத்தின் காலடியில் உடைந்தவைதான் அதிகம். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் மாண்ட்வா போய், அங்கிருந்து கிஹிம் கடற்கரைக்குச் சென்றால் நல்லவை கிடைக்கும். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போங்கள். சுருள் ஓட்டை எடுத்ததும் பையில் போடாதீர்கள். மணலில் வைத்துச் சில நிமிடம் காத்திருங்கள், உள்ளே, காலி ஓட்டில் குடியேறும் துறவி நண்டு இருக்கலாம். கடை என்றால் புலேஷ்வர், கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம். துளைபோட்ட சோழிகள் சரமாகவே வரும், வேலை பாதியாகக் குறையும். ஆனால் கடல் விசிறி, பவளத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, நாட்டிலஸ் என்ற கடலுயிரின் ஓடு ஆகியவற்றை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். இவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. நம் வாசல் அழகாக இருப்பதற்காகக் கடலுக்குள் ஓர் உயிரைப் பறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ரிப்பனுக்குப் பதில், கரை ஒதுங்கிய நீலம், பச்சை நைலான் வலைத் துண்டுகளை அலசி முடிச்சுப் போடலாம். மும்பையின் வெர்சோவா கடற்கரையில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015-இல் தொடங்கிய துப்புரவுப் பணியைப் பார்த்தவர்களுக்கு, நம் கரைகளில் இதுபோன்ற கழிவு எவ்வளவு சேர்கிறது என்று தெரியும்.

பொறுக்கியதை இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில், தினமும் தண்ணீரை மாற்றி ஊறவையுங்கள். உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், நாற்றமும் போகாது. பித்தளைக்குப் போடுவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கக் கூடாது. ஓடு சுண்ணாம்பு, புளிப்பு அதைக் கரைத்துப் பளபளப்பைத் தின்றுவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

மாட்டும்போது, சேஃப்டி டோரையும் மரக்கதவையும் சாத்தி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். நாலு விரலுக்குக் குறைந்தால் மரக்கதவில் கயிற்று வளையம் வேண்டாம். கம்பிக் கதவின் வெளிப்பக்கத்திலேயே இரண்டு இடத்தில் கட்டிவிடலாம், கதவை இழுத்துச் சாத்தும்போதும் ஆடாது. மரக்கதவில் மாட்டுவதானால் ஆணி அடிக்கத் தேவையில்லை. பருத்தி நாடாவைக் கதவின் மேல்விளிம்பைத் தாண்டி உள்பக்கம் கொண்டுபோய் அங்கே கட்டுங்கள். ஒட்டும் கொக்கி சன்மைக்கா கதவில் நிற்கும், பெயின்ட் அடித்த கதவில் பெயின்டோடு பெயர்ந்துவரும். வெளியில் யார் என்று பார்க்கும் கண்ணாடித் துளை, வளையத்தின் வெற்றிடத்துக்குள் வரும்படி நாடாவின் நீளத்தை வையுங்கள்.

ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடிப்பதற்குள் கழற்றிவிடுங்கள். கட்டிய வளையமானால் நூலை வெட்டிக் கிளிஞ்சலைத் தனியே டப்பாவில் போட்டு, கயிற்றை வெயிலில் உலர்த்திப் பழைய பருத்திப் புடவையில் சுற்றி வைக்கலாம். பாலிதீன் பையில் மட்டும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.